சுண்டுவிரலுக்குள் அடங்கும் முகில்

பெங்களூர் குளிரும் என்று யாழ்ப்பாணத்தில் கண்டவர் நின்றவர் எல்லாரும் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதை நம்பி இரண்டு கம்பளிச் சட்டைகளைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு போனேன். போய் இறங்கிய மத்தியானம் ஐப்பசி வெயில் சுள்ளென்று முதுகில் ஏறியது. "குளிர் எங்கையப்பா?" என்று கேட்டேன். "பின்னேரம் வரும், பொறும்," என்றார் என் கணவர். வானிலையைப் பற்றி அவர் சொல்வதை நான் சந்தேகிப்பதில்லை. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகிப்பேன். அன்று பின்னேரம் குளிர் வந்தது.

நாங்கள் போனது ஊர் பார்க்க அல்ல, கண் காட்ட. அவருடைய இடது கண் பல வருடங்களுக்கு முன்பே கண்ணழுத்தத்தில் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் புரை முற்றிவிட்டது. "ஒற்றைக் கண், நான் கை வைக்கப் பயப்படுகிறேன். பெங்களூரில் இதற்கென்றே இருக்கிற ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்," என்று எங்கள் ஊர் டாக்டர் சொன்னார். என் கணவர் ஒரு நிபந்தனையோடுதான் விமானம் ஏறினார். காட்டுவது மட்டும்தான், வெட்டுவது கிடையாது.

அவர் பெயர் சிவநேசன். அரசாங்க வானிலை நிலையத்தில் அவதானிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலை என்னவென்று கல்யாணம் பேசி வந்தபோது என் அப்பாவுக்கு விளங்கவேயில்லை. குறித்த நேரத்துக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். வானத்தை எட்டுப் பங்காக நினைத்துக்கொண்டு, அதில் எத்தனை பங்கை முகில் மூடியிருக்கிறது, என்ன முகில், எவ்வளவு உயரம் என்று சொல்ல வேண்டும். மழைக்கும் காற்றுக்கும் கருவி உண்டு. முகிலுக்குக் கண்தான் கருவி.

ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. காலையில் முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "இண்டைக்கு எட்டில மூண்டு," என்று எனக்கு அறிக்கை தருவார். நான் மனையியல் படிப்பித்த ஆசிரியை. "இடியப்பம் எட்டில ஏழு முடிஞ்சுது, கெதியா வாங்கோ," என்பேன். சண்டைக் காலத்தில் ஊரே குண்டு விமானத்துக்குப் பயந்து வானத்தைப் பார்த்தபோதும் இந்த மனிதர் முகிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பதுங்கு குழிக்குள் இழுத்துப் போட்ட கை இது. என் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட அவர் முகிலைப் பார்த்த நேரம் அதிகம். முகில் எனக்குச் சக்களத்தி.

தங்கியது லிங்கராஜபுரத்தில், ஸ்டெல்லா வீட்டு மாடி அறையில். ஸ்டெல்லாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணப் பெண்களுக்கு வெள்ளைக் கவுன் தைப்பது தொழில். வீட்டுக்குள் எங்கே பார்த்தாலும் வெள்ளைத் துணி, முத்து, ஜரிகை. குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்து இங்கேயே வேர்விட்டுவிட்டது. எங்களோடு தமிழ், காய்கறிக்காரரோடு கன்னடம், ஜரிகைக் கடைக்காரரோடு உருது, வாசலில் கிடக்கும் நாயோடு இங்கிலீஷ். நாயும் இங்கிலீஷில் சொன்னால்தான் எழும்பியது.

"வாங்க ஆண்ட்டி, வாங்க அங்கிள். ஸ்டெப்ஸ் பார்த்து ஏறுங்க. நீங்க பேசுற தமிழ் கேக்க சக்கத்தா இருக்கு!" என்றாள். சக்கத் என்றால் இங்கே அருமை என்று அர்த்தமாம். நாங்கள் பேசியது பாதி அவளுக்கு விளங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. விளங்காமலே ரசித்திருக்கிறாள்.

மறுநாள் டாக்டரைப் பார்த்தோம். எங்கள் மகள் வயது. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கதிரையை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார்.

"சார், புரை நல்லா கெட்டியாயிடுச்சு. எடுத்துட்டு லென்ஸ் வெச்சா பார்வை வரும்னு நம்புறேன். ஆனா நூத்துக்கு நூறுன்னு வாக்கு குடுக்க மாட்டேன். இது ஒண்ணுதான் இருக்கு. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கத் தேவையில்லை டாக்டர். இருக்கிற பார்வை காணும். ஆள் தெரியுது, வழி தெரியுது. நான் கண்ணாலை செய்யிற வேலையும் முடிஞ்சுது," என்றார் அவர்.

எனக்குக் கோபம் வந்தது. அதற்கு அடியில் நிம்மதியும் இருந்தது. வெட்டிப் போனால் முழு இருட்டு. வெட்டாவிட்டால் இன்னும் கொஞ்சக் காலத்துக்காவது மங்கல். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே வந்து ஒரு தர்ஷினியில் காப்பி குடித்தோம். தர்ஷினி என்றால் நின்றுகொண்டே சாப்பிடும் கடை. பக்கத்து மேசையில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள் மாதிரி இரண்டு பேர், "பை டூ காபி" என்று கேட்டு, ஒரு காப்பியை இரண்டாகப் பிரித்து வாங்கிக் குடித்தார்கள். ஒருவர் முகத்திலும் வெட்கமில்லை. எங்கள் ஊரில் வந்த விருந்தாளிக்கு அரைக் கோப்பை கொடுத்தால் மூன்று தலைமுறைக்குக் கதைப்பார்கள். நாங்களும் பை டூ கேட்டோம். வந்த கோப்பை சுண்டைக்காய் அளவு. ஆனால் உள்ளே இருந்தது காப்பி. நாங்கள் ஊரில் குடிப்பதற்கு அந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

இந்தப் பயணத்தைத் திருப்பிவிட்டது அடுத்த நாள் காலை நடந்ததுதான்.

மொட்டை மாடியில் ஸ்டெல்லா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என் கணவர் வழக்கம்போல் நடுவில் நின்று, நல்ல கண்ணை முன்னே கொடுத்து, அடிவானம் தொடங்கி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். பிறகு கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினார். முகில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கை நீளும், அது பழக்கதோஷம்.

ஸ்டெல்லா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்கிள், பாத்ரூம் இங்கயே டேங்க் பின்னாடி ஒண்ணு இருக்கு. கீழ இறங்க வேணாம்," என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் கொடிக்கயிறு ஆடியது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பெடுக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

"அதுக்கில்லை, பிள்ளை. இது அளவுகோல். வானத்திலை சின்னச் சின்னத் துண்டாய், அலை அலையாய் முகில் வரும். அது எல்லாத்துக்கும் மேலை நிக்கிற முகிலோ, நடுவிலை நிக்கிறதோ எண்டு தெரிய வேணும். கையை நீட்டி இப்பிடிச் சுண்டுவிரலைப் பிடியும். ஒவ்வொரு துண்டும் விரலுக்குப் பின்னாலை மறைஞ்சால் அதுதான் ஆக மேலை நிக்கிறது. கீற்றுத்திரள் முகில். விரலுக்கு வெளியிலை தெரிஞ்சால் அது கீழை நிக்கிறது. இண்டைக்கு வெறும் வானம், எட்டில ஒண்டுமில்லை. இருந்தால் காட்டியிருப்பன்."

ஸ்டெல்லா ஈரக் கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்துப் பார்த்தாள். "இருக்குதே அங்கிள்! எவ்ளோ இருக்கு பாருங்க! ஒவ்வொண்ணும் என் விரலுக்குள்ள போயிடுது!"

நான் அண்ணாந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தொடங்கி தேவாலயக் கோபுரத்தையும் தாண்டி வானம் நிறைய இருந்தது. தட்டில் ரவையைப் பரப்பி விரல்களால் வரிவரியாக இழுத்துவிட்டது போல, மெல்லிய வெள்ளைப் பொடி வரிகள். நிழலில்லை, கனமில்லை, நீலத்தின் மேல் வெறும் வெள்ளை. இவ்வளவு நேரமும் அதற்குக் கீழேதான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அவர் இன்னொரு தரம் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு கையை இறக்கிக்கொண்டு, கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கிப் போனார். ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அய்யோ ஆண்ட்டி, பெரியவரை பேஜாராக்கிட்டேனே," என்று கண் கலங்கினாள். உன்னில் பிழையில்லை என்று சொல்லிவிட்டு நானும் இறங்கினேன்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"நீர் கண்டனீரோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

"எட்டில அஞ்சு இருக்கும்."

தன் சுண்டுவிரலைப் பார்த்தார். பிறகு, "அப்ப ஊரிலை எத்தினை நாள் நான் வெறும் வானம் எண்டு சொல்லியிருப்பன்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அவர் முற்றத்தில் நின்று வானத்தைச் சொன்ன நாட்களில் நான் குசினியில் இடியப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் தெரிந்தது, வழி தெரிந்தது, பேப்பரில் தலைப்புத் தெரிந்தது. நீலத்தின் மேல் படிந்த மெல்லிய வெள்ளைதான் முதலில் போயிருக்கிறது. அது போனதை வேறு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளுக்கும் கண் தெரியவில்லை.

"டாக்டருக்குச் சொல்லும். செய்வம்," என்றார்.

ஆபரேஷன் அன்று வெளியே நாற்காலியில் காத்திருந்தபோது எனக்கு வந்த பயத்தை மறைக்க மாட்டேன். கைப்பிடித்து நடத்தலாம், பேப்பர் வாசித்துக் காட்டலாம், மீன் முள் எடுத்துக் கொடுக்கலாம், அதெல்லாம் என்னால் முடியும். காலையில் முற்றத்தில் நின்றுகொண்டு இன்றைக்கு என்ன முகில் என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? இத்தனை வருடம் சக்களத்தி என்று திட்டினேனே தவிர அவளுடைய பெயர்கூட எனக்கு ஒழுங்காகத் தெரியாது. பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன். ஸ்டெல்லா கூட வந்திருந்தாள், அவள் மாதாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே விஷயத்துக்காக வேறு வேறு வாசலில் நின்றோம்.

சத்திர சிகிச்சை நல்லபடி முடிந்தது என்றார் டாக்டர். கட்டை மறுநாள்தான் அவிழ்ப்பார்களாம். அன்று முழுக்க அவருக்கு இரண்டு கண்ணும் இருட்டு. பின்னேரம் ஸ்டெல்லா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவரை உட்கார வைத்தோம். ஸ்டெல்லா ராகிக் களியும் கீரைச் சாறும் வைத்தாள். "களியை மெல்லக் கூடாது அங்கிள், சாத்துல முக்கி அப்படியே முழுங்கணும்," என்றாள். எங்கள் ஊரில் பிட்டை மென்று பழகிய வாய்க்கு அது தண்டனை. அவர் மட்டும் சமர்த்தாக விழுங்கினார்.

தண்ணீர் கேட்டார். ஸ்டெல்லா ஃப்ரீஸரிலிருந்து ஒரு போத்தல் எடுத்து வந்தாள். எடுக்கும்போது பச்சைத் தண்ணீராகத்தான் இருந்தது. மேசையில் டக்கென்று வைத்தாள். வைத்த இடத்திலேயே, எங்கள் கண் முன்னால், கழுத்திலிருந்து அடிவரைக்கும் வெள்ளை இறங்கிப் போத்தல் முழுவதும் ஐஸானது.

"ஏசுவே!" என்று ஸ்டெல்லா இரண்டடி பின்னால் போனாள். "ஆண்ட்டி, இப்பதான தண்ணியா இருந்துச்சு?"

"என்ன நடந்தது?" என்று கேட்டார் அவர். சொன்னேன். கட்டுப் போட்ட முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஆபரேஷன் பேச்சு வந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

"அதுதான் உம்மடை சக்களத்தி," என்றார்.

பிறகு இருட்டில் இருந்தபடியே விளங்கப்படுத்தினார். தண்ணீர் உறையும் குளிருக்குக் கீழே போனாலும் உடனே உறைந்துவிடாதாம். சுத்தமாக, அசையாமல் இருந்தால், ஒட்டிப் பிடிக்க ஒரு தூசும் கிடைக்காவிட்டால், தண்ணீராகவே நின்றுகொண்டிருக்கும். ஒரு தட்டு, ஒரு தூசு, ஒரு சின்ன ஐஸ் பொடி பட்டால் போதும், சடாரென்று உறைந்துவிடும்.

"ஆக மேலை நிக்கிற அந்த முகிலிலை ரெண்டும் கிடக்கு. ஐஸ் பொடியும் இருக்கும், உறைய மறந்த தண்ணித் துளியும் இருக்கும். துளி பொடியிலை முட்டினால் துளியும் ஐஸ். அதாலைதான் அந்த முகில் கனநேரம் நிக்காது. பாத்துக்கொண்டு நிக்கேக்கையே உருவம் மாறிப் போகும்."

"அப்ப அந்த வரி வரியா இருந்தது?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"மேலை காத்து அலையாய் ஏறி இறங்கும், பிள்ளை. ஏறுற இடத்திலை குளிர்ந்து முகில் வரும். இறங்கிற இடத்திலை கரைஞ்சு நீலம் தெரியும். காத்தை ஆர் கண்டது? அந்த வரியிலைதான் காணலாம்."

இத்தனை வருடம் ஒரு கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, முகில் எதனால் ஆனது என்று நான் அன்றைக்குத்தான் முதல் தரம் கேட்டுக்கொண்டேன். நீராவி, பஞ்சு என்று ஏதோ நினைத்திருந்தேன். எட்டாத உயரத்தில், ஐஸ் பொடியால் ஆனவள். இனி அவள்மேல் என்ன கோபம்?

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். அவர் முதலில் பார்த்தது என்னைத்தான். நான் சேலையெல்லாம் திருத்திக்கொண்டு முன்னால் நின்றேன்.

"இஞ்சேரும், உம்மடை தலை இவ்வளவு வெள்ளையோ?" என்றார்.

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆறு மாதமாக நரையை அவர் காணவில்லை என்ற துணிவில் நான் சாயம் பூசாமல் விட்டிருந்தேன். கோபப்படவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தேன்.

சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் கடைசி வரிக்கு முந்திய வரி வரை வாசித்தார். டாக்டருக்குச் சந்தோஷம், எனக்குச் சந்தோஷம். அவருக்கு மட்டும் இல்லை. வெளியே வந்ததும், "வெள்ளை அட்டையிலை கறுத்த எழுத்து. உதை ஆரும் வாசிப்பினம்," என்றார். யன்னலுக்கு வெளியே பார்த்தார். வானம் சாம்பலாக, சுவர் மாதிரி நின்றது. "எட்டில எட்டு. கீழ் முகில்," என்றார். உயரத்து முகில் ஏதும் இருந்தாலும் அந்தச் சுவருக்கு மேலேதான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வானம் திறக்கவேயில்லை. ஒவ்வொரு காலையும் மாடிக்குப் போவார், எட்டில எட்டு என்று இறங்கி வருவார். தூறல், பொசுபொசுவென்று மழை, திரும்பத் தூறல். "மோடமாவே இருக்குது அங்கிள், நான் பிரேயர் பண்றேன்," என்றாள் ஸ்டெல்லா. மோடம் என்றால் முகில் மூட்டமாம். மழை நிற்க வேண்டுமென்று அவள் வேண்டியது இவர் காத்திருக்கும் உயரத்து முகிலுக்காகவா, காயாத துணிகளுக்காகவா என்று நான் கேட்கவில்லை. கொண்டுபோன கம்பளிச் சட்டைகள் கடைசியில் பயன்பட்டன.

மழை நாளில் செய்யக்கூடியது சாப்பாடுதான். சௌ சௌ பாத் என்று ஒன்று தருகிறார்கள். ஒரே தட்டில் ஒரு பக்கம் காரமான உப்புமா, மறுபக்கம் நெய் வடியும் கேசரி. எது முதல், எது பிறகு என்று கேட்டால், "ரெண்டும் சேத்து" என்கிறார்கள். மனையியல் ஆசிரியைக்கு இது அநியாயமாகத்தான் பட்டது. இரண்டாம் நாளும் போய் அதையேதான் கேட்டேன். சாம்பாரில் வெல்லம் போடுவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆஸ்டின் டவுனில் இருக்கும் ஸ்டெல்லாவின் அக்கா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். ஸ்டெல்லா பூசை முடிந்து நேரே வருவதாகச் சொன்னாள். "பஸ் நம்பரை நானே வாசிப்பன்," என்று அடம்பிடித்தார் என் கணவர். தூரத்திலேயே வாசித்தும் விட்டார். நான் பெருமையோடு ஏறினேன். வெகுநேரம் போனபிறகு கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ கேட்டார், இவர் இங்கிலீஷில் பதில் சொன்னார், அவர் தமிழில் தலையில் அடித்துக்கொண்டார்.

"நம்பர் சரிதான் பெரியவரே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு ஏறியிருக்கணும். இது ஒக்கலிபுரம் வந்துடுச்சே!"

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து மேம்பாலங்களுக்கு அடியில், மழையில், திசை தெரியாமல் நின்றோம். எனக்கு எரிச்சல். அவருக்கோ கொள்ளைச் சந்தோஷம். "நம்பர் சரி எண்டு சொன்னானே, கேட்டனீரோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆஸ்டின் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரியாணி ஆறியிருந்தது, மற்ற எல்லாரும் கைகழுவி முடித்திருந்தார்கள். அந்த அக்கா மறுபடி சூடுபண்ணி, பக்கத்தில் நின்று போட்டுப் போட்டுச் சாப்பிட வைத்தார். எங்கள் ஊரில்கூட இப்போது அப்படி யாரும் நிற்பதில்லை.

ஆனால் நான் அவரைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். பஸ் நம்பர், என் நரை, பிரியாணிக்குள் கிடந்த ஏலக்காய், எல்லாம் தெரிந்தது. அவர் கேட்டது அதை அல்ல. நீலத்தில் அந்த மெல்லிய வெள்ளை தெரிந்தால்தான் அவர் கண்ணைத் தன் கண் என்று நம்புவார். தெரியாவிட்டால் ஊரில் முற்றத்துக்கே இறங்க மாட்டார், எனக்குத் தெரியும். புறப்படும் நாள் வேறு நெருங்கிவிட்டது.

கடைசிப் பரிசோதனைக்குப் போன காலை மழை விட்டிருந்தது. டாக்டர் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, சொட்டு மருந்தை விடவேண்டாம் என்று விடை கொடுத்தார். வெளியே ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் நடுத்தர வயதுக்காரர், பிள்ளையாரும் குர்ஆன் வசனமும் மாதாவும் ஒரே கண்ணாடியில் ஒட்டியிருந்தன. ஒரு சந்திப்பில் நெரிசல். முன்னால் பஸ், பின்னால் லாரி, இடுக்கெல்லாம் மோட்டார் சைக்கிள். ஒன்றும் அசையவில்லை.

நான் ஆட்டோவின் என் பக்கத்தால் எட்டிப் பார்த்தேன். சாம்பல் எங்கேயோ போயிருந்தது. நீலம். அந்த நீலத்தில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ரவை வரி.

வாய் திறந்துவிட்டது. அப்படியே மூடிக்கொண்டேன். சொல்லிவிட்டால், தெரியாவிட்டாலும் தெரிகிறது என்பார். எனக்காகச் சொல்லுவார். அவராகக் காண வேண்டும். அவர் தன் பக்கத்தில் பஸ்ஸின் பின்னால் ஒட்டியிருந்த விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். மேலே பாருங்கோ, மேலே பாருங்கோ என்று மனதுக்குள் கத்தினேன். கனநேரம் நிற்காத முகில் என்று அவரே சொல்லியிருந்தார். என் கண் முன்னாலேயே ஒரு ஓரம் கலைந்து கீற்றாக இழுபடத் தொடங்கியது. கையிலிருந்த மருந்துப் பையை நான் கசக்கிய கசக்கலில் அது கிழிந்தது.

பஸ் அசைந்து முன்னே போனது. அவர் பக்கத்தில் வானம் திறந்தது.

ஆட்டோவுக்கு வெளியே ஒரு கை நீண்டது. சுண்டுவிரல் உயர்ந்தது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பதறிப் போனார். "சார், சார், ஒரு நிமிஷம் அடக்கிக்குங்க! சிக்னல் தாண்டினதும் பெட்ரோல் பங்க் இருக்குது, நிறுத்துறேன்!"

அவர் காதில் விழவில்லை. விரல் அசைந்து அசைந்து ஒவ்வொரு துண்டாக மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணீர் மூக்கால் வழிந்தது.

"ஓம் தம்பி, அவசரம்தான். நிப்பாட்டுங்கோ," என்றேன்.

சிக்னலைத் தாண்டி ஓரமாக நிறுத்தினார். இவர் இறங்கினார். பங்க்கைத் திரும்பியும் பார்க்காமல், நடைபாதையில் நின்று அண்ணாந்தார். ஆட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் இறங்கி வந்து மேலே பார்த்தார்.

"இதுக்கா சார்? மோடம்தானே?"

"ஐஸ், தம்பி," என்றார் என் கணவர். "ஐஸ் பொடி. கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடிச்சுப் பாரும்."

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் கையை நீட்டினார். சாலையோரத்தில் இரண்டு ஆண்கள் சுண்டுவிரலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்க, போகிற பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அவர் மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி அறிக்கை தந்தார்.

"எட்டில நாலு."

எனக்கு மூன்றாகத்தான் தெரிந்தது. அன்றைக்கு மட்டும் நான் வாதாடவில்லை.